லாகூருக்குப் போய்ச் சேராத வரைபடம்

போன மாதம், நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் இளம் ஆசிரியை என்னைப் பார்க்க வந்திருந்தார். சமூக அறிவியல் எடுக்கிறவர். புதுப் புத்தகத்தில் நாமெல்லாம் இந்த நாட்டின் குடிமக்கள், கூடவே உலகத்துக்கும் உரியவர்கள் என்று ஒரு பாடம் வந்திருக்கிறதாம். அதை நடத்தப் போனால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள், ஆசிரியர்கள் அறையில் மற்றவர்கள் கேலி செய்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். "உங்க காலத்துல இதை எப்படி டீச்சர் நடத்துனீங்க? குடிமைப் பயிற்சின்னு தனியா ஒரு பீரியடே இருந்துச்சாமே. அதுல நீங்க பேர் வாங்குனவங்கன்னு சொன்னாங்க" என்றார்.

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. மோர் கொடுத்தேன். வெயிலைப் பற்றியும் தண்ணீர் வராததைப் பற்றியும் பேசி அனுப்பி வைத்தேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓர் ஆசிரியையைத் திருப்பி அனுப்பினது அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன்.

மதுரையில் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கினேன். சென்னையில் ஒரு வருஷம் ஆசிரியர் பயிற்சி. அங்கே என்ன கற்றேன் என்றால், கரும்பலகையில் கோடு வளையாமல் எழுதக் கற்றேன், எந்த வகுப்பிலும் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நிற்காமல் இருக்கக் கற்றேன். மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. ஐம்பத்து நான்காம் வருஷம் திண்டுக்கல்லில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்தது. அப்பா அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். ஒரே அண்ணன் பம்பாயில். நாகல் நகரில் ஒரு வீட்டின் பின்கட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டு தனியாக இருந்தேன். கல்யாணம் என்று யாரும் முனைந்து பேசவில்லை. நானும் முனையவில்லை. மூன்றாம் வருஷத்திலிருந்து ஊரில் எல்லோருக்கும் நான் பார்வதி டீச்சர். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

தலைமையாசிரியை மரகதம் அம்மாள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவருக்கு அது தேவையும் இல்லை. எதையும் இரண்டு முறை கேட்பார். முதலில் வராந்தாவில் நிற்க வைத்து வாயால் கேட்பார். நாம் பதில் சொன்னதும் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார். அரை மணி நேரத்தில் ஆயா மூக்கம்மா ஓர் அரைத் தாளைக் கொண்டுவந்து நீட்டுவாள். அதே கேள்வி, அதே சொற்களில், இங்கிலீஷில். மாலை நான்கு மணிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். நான் சேர்ந்த புதிதில், வகுப்பை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் நாங்கள் பலமாகச் சிரித்ததற்கு ஒரு மெமோ வந்தது. சிரிப்பின் கல்விப் பயனை விளக்கி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். "இரண்டு வரி போதும்" என்று குறித்துத் திருப்பி அனுப்பினார். பேசும்போது யோசனை வந்தால் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். அந்தக் கடிகாரத்துக்கு அவ்வளவு சாவி தேவைப்பட்டிருக்காது. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குள் வாரத்துப் பாடக்குறிப்பு அவர் மேசையில் இருக்க வேண்டும். ஒரு வரி விடாமல் படித்துத்தான் கையெழுத்துப் போடுவார்.

குடிமைப் பயிற்சி என்பது வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். அதற்குப் பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. அதனால் பெரும்பாலான பள்ளிகளில் கணக்கு டீச்சர் அதை எடுத்துக்கொள்வார். எங்கள் பள்ளியிலும் அப்படித்தான் இருந்தது. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிள்ளைகளைத் தபாலாபீசுக்குக் கூட்டிப்போய் ஒரு கடிதம் எந்தெந்தக் கை மாறுகிறது என்று காட்டினேன். வகுப்புக்குள் நகரசபைத் தேர்தல் நடத்தினோம். குழாய்த் தண்ணீர் ஏன் நான்கு நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று அவர்களே எழுதிய மனு ஒன்று நிஜமாகவே நகரசபைக்குப் போனது. பதிலும் வந்தது. தண்ணீர்தான் வரவில்லை.

ஆயிஷா வந்தது அறுபதாம் வருஷம். பேகம்பூர்ப் பெண். அவள் அத்தாவுக்குத் தோல் மண்டி. அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். மகளை வேலைக்கு அனுப்புவதற்காக அவர் நாலு பேரிடம் பேச்சு வாங்கியிருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது. அவளும் சமூகப்பாடம்தான். கீழ் வகுப்புகள் அவளுக்கு, மேல் வகுப்புகள் எனக்கு. ஆசிரியர்கள் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மத்தியானம் டிபன் பெட்டியைத் திறந்தால், "இன்னைக்கு என்னக்கா வெஞ்சனம்?" என்று எட்டிப் பார்ப்பாள். நான் தனி ஆளுக்குச் சமைப்பதால் பெரும்பாலும் ஊறுகாய்தான். தன் வீட்டுக் கத்தரிக்காயை என் சோற்றின் ஓரத்தில் வைத்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி பேச்சைத் தொடருவாள். ஐந்து வருஷம். எனக்கு அந்த ஊரில் இருந்த உறவு அவ்வளவுதான்.

அறுபத்திரண்டில் சீனாவோடு சண்டை வந்தது. என் வகுப்பறைச் சுவரில் பல நாட்டுக் குழந்தைகள் கைகோத்து நிற்கிற படம் ஒன்று மாட்டியிருந்தேன். ஒருநாள் காலை போய்ப் பார்த்தால், சீனக் குழந்தையைப் பிளேடால் சுத்தமாக வெட்டி எடுத்திருந்தார்கள். பக்கத்துக் குழந்தைகள் இரண்டும் வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றன. வெட்டியது பிள்ளைகள்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தமிழாசிரியை கோமதி அம்மா நல்லவர், மனசில் பட்டதைச் சொல்லிவிடுவார். "ஏன் டீச்சர், அடிக்க வந்தவன் கையையும் கோத்துக்கிட்டு நிக்கணும்னா பிள்ளைகளுக்குச் சொல்லித் தர்றீங்க?" என்று கேட்டார். எனக்குக் கோபம். படத்தை ஓட்டையோடு அப்படியே மாட்டி வைத்தேன்.

ஆயிஷா அதைப் பார்த்துவிட்டு வந்தாள். "எடுத்துருங்கக்கா" என்றாள்.

"எதுக்கு எடுக்கணும்? வெட்டினவங்க பார்த்து வெட்கப்படட்டும்."

"வெட்கப்பட மாட்டாங்க. அடுத்து யாரை வெட்டலாம்னு பாப்பாங்க." பிறகு சொன்னாள்: "உலகமெல்லாம் ஒண்ணுன்னு நீங்க சொன்னா, டீச்சருக்கு நல்ல மனசும்பாங்க. அதையே நான் சொன்னா வேற மாதிரி காதுல விழும். உங்களுக்கு அது புரியாதுக்கா. புரியலைன்னு நான் குறை சொல்லல."

புரிந்தது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கோடை விடுமுறையில் சென்னையில் சமூகப்பாட ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி முகாம். கடைசி நாள், கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ள விரும்புகிற வெளிநாட்டு ஆசிரியர்களின் முகவரிகளை மேசையில் பரப்பி வைத்தார்கள். ஜப்பானும் இங்கிலாந்தும் முதலில் போயின. சிலோன் போயிற்று. லாகூர் முகவரி ஒன்று மட்டும் யாரும் தொடாமல் கிடந்தது. நான் எடுத்துக்கொண்டேன். துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். தனியாகக் கிடந்தது, எடுத்தேன்.

அவர் பெயர் சுரையா. பெண்கள் பள்ளியில் சரித்திர ஆசிரியை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவரும் தனி ஆள். இரண்டு வருஷத்தில் பதினொரு கடிதம் எழுதினார். குளிர்காலத்தில் பிள்ளைகளுக்கு விரல் விறைத்துப்போய் எழுத முடியாது, அதனால் முதல் பீரியடில் கதை சொல்வேன் என்று எழுதியிருந்தார். குளிரில் விரல் விறைப்பது எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? ஊரின் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். திண்டு மாதிரி ஒரு கல், அதன் மேல் ஒரு கோட்டை, அதன் கீழே நாங்கள் என்று எழுதினேன். ஒருமுறை, "உங்கள் பாடப்புத்தகத்தில் எங்களைப் பற்றி என்ன போட்டிருக்கிறது? உள்ளதை அப்படியே எழுதுங்கள்" என்று கேட்டார். அரைப் பக்கம்தான் இருந்தது. இங்கிலீஷில் மாற்றி அனுப்பினேன். அவர் தங்கள் புத்தகத்தில் எங்களைப் பற்றி இருந்ததை மாற்றி அனுப்பினார். அதுவும் அரைப் பக்கம். இரண்டிலும் ஆறுகளின் பெயர் மட்டும் ஒன்றாக இருந்தது.

அந்தக் கடிதங்களை வெள்ளிக்கிழமை வகுப்பில் படித்துக் காட்டுவேன். தலைமையாசிரியையிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தேன். "பாடக்குறிப்பில் சேர்க்கவும்" என்று மட்டும் எழுதியிருந்தார். வாரம் முழுவதும் நான் யாரோடும் பாடத்தைத் தாண்டிப் பேசாத ஆள். இரண்டு மாதத்துக்கு ஒருநாள் அறைக்குத் திரும்பும்போது கதவிடுக்கில் அந்த நீல உறை கிடந்தால், அன்று விளக்கைச் சீக்கிரம் ஏற்றுவேன்.

அறுபத்தைந்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 'எங்கள் ஊர்' என்று ஒரு வரைபடம் போட்டார்கள். சுரையாவின் மாணவிகள் லாகூரை வரைந்து அனுப்புவது, எங்கள் பிள்ளைகள் திண்டுக்கல்லை வரைந்து அனுப்புவது என்று ஏற்பாடு. ஆறு வாரம் பிடித்தது. நடுவில் மலை. சுற்றிப் பேட்டைகள், பூட்டுப் பட்டறைகள், தோல் மண்டிகள், கோயில், பள்ளிவாசல், மாதா கோயில், குளங்கள். ரயில் பாதை மாற்றிவிடுகிற பாயின்ட்ஸ்மேன் மகள் ஒருத்தி வகுப்பில் இருந்தாள். ரயில் ஜங்ஷனை அவள்தான் போட்டாள். எத்தனை தண்டவாளம், எங்கே பிரிகிறது, எந்தப் பாதை மதுரைக்கு, எது திருச்சிக்கு, எது பழனிக்கு, சிக்னல் எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே என்று அப்பாவிடம் கேட்டுக் கேட்டுத் துல்லியமாக வரைந்திருந்தாள். தலைப்பும் இடப்பெயர்களும் நான் எழுதினேன். என் கோடு வளையாது அல்லவா.

முடித்து மடிக்கிற நேரத்தில் எனக்குக் காய்ச்சல். ஆயிஷா அறைக்கு வந்து பார்த்தாள். "கடிதம் அப்புறமா எழுதி அனுப்பிக்கலாம்க்கா, மேப்பை நான் தபால்ல சேத்துர்றேன். பிள்ளைக தெனம் கேக்குறாளுக" என்று எடுத்துக்கொண்டு போனாள். பதிவுத் தபால். ஜன்னலில் இருந்த குமாஸ்தா அனுப்புகிறவர் பெயர் கேட்டபோது தன் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதிவிட்டாள். அது ஆகஸ்டு கடைசி.

செப்டம்பரில் சண்டை மூண்டுவிட்டது. தபால் நின்றது. வரைபடம் வழியிலேயே எங்கோ பிரிக்கப்பட்டிருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டாம் பீரியடில் சாதாரண உடுப்பில் இரண்டு பேர் தலைமையாசிரியை அறைக்குள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஆயிஷா வராந்தாவில் நடந்து போவதை வகுப்பிலிருந்து பார்த்தேன். மத்தியானம் ஆசிரியர்கள் அறைக்கு வந்தபோது அவள் டிபன் பெட்டியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"மேப்பைப் பத்திக் கேட்டாங்க. நாந்தான் தபால்ல போட்டேன்னு சொன்னேன்."

"வேற என்ன கேட்டாங்க?"

"யாரு வரையச் சொன்னதுன்னு கேட்டாங்க. பள்ளிக்கூட வேலைன்னு சொன்னேன்."

அதற்கு மேல் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். கூஜாவிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் நிறைகிற நேரம் பார்த்திருப்பாள். நான் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். "ஒண்ணும் ஆகாது" என்றேன். அதைத்தான் சொன்னேன்.

மறுநாள் அவள் வரவில்லை. கூப்பிடும் வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். வியாழக்கிழமை மூக்கம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நகராமல் நின்றாள். "அவுக வீட்டை நேத்து பூராம் சோதனை போட்டாகளாம் டீச்சர். மண்டியில தோலையெல்லாம் ரோட்டுல இழுத்துப் போட்டுப் பாத்துருக்காக. அவுக அத்தாவை டேசனுக்குக் கூட்டிட்டுப் போயி பெஞ்சுல உக்கார வச்சிருந்தாகளாம். அம்புட்டுப் பெரிய மனுசன், தெருவே பாக்க நடத்திக் கூட்டிட்டுப் போயிருக்காக."

வரைபடம் என் வகுப்புடையது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. கோமதி அம்மா மட்டும் என் பக்கத்தில் குனிந்து, "நீங்க பேசாம இருங்க டீச்சர். தனி ஆளு நீங்க, வேலை போனா எங்க போவீங்க? அவங்களுக்கு அவங்க ஆளுங்க இருக்காங்க, பாத்துக்குவாங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் மேல் அக்கறையோடுதான் சொன்னார். அந்த அக்கறைக்குள் நானும் ஒதுங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். பாடக்குறிப்பில் எழுதி வைத்திருந்தபடி 'குடிமக்களின் கடமைகள்' நடத்தினேன். கரும்பலகையில் ஏழு கடமைகளை எழுதினேன். பாயின்ட்ஸ்மேன் மகள் எழுந்து, "டீச்சர், நம்ம மேப்பு அங்க போய்ச் சேந்துருச்சா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஏழில் ஐந்தாவது கடமை, உண்மையைச் சொல்லுவது.

சனிக்கிழமை அறையிலேயே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பேகம்பூருக்கு நடந்தேன். பள்ளிவாசல் தெரிகிற முனை வரை போனேன். ஆயிஷாவின் தெரு அங்கிருந்து நாலு வீடுதான். ஒரு சைக்கிள் கடை வாசலில் நின்றேன். கடைக்காரர், "யாரும்மா வேணும்?" என்று கேட்டார். வழி தவறி வந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பினேன். அந்த ஊரில் அப்போதே பதினொரு வருஷமாக இருந்தவள் நான்.

திங்கட்கிழமை ஒன்பதே காலுக்குத் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். பாடக்குறிப்பை மேசையில் வைத்தேன். "அந்த வரைபடம் என்னுடையது. ஆயிஷா தபாலில் சேர்த்ததைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை" என்றேன்.

மரகதம் அம்மாள் தலையசைத்தார். மேசை டிராயரைத் திறந்து ஓர் அரைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். என் பெயருக்கு எழுதிய மெமோ. வரைபடத்துக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வி. தேதி, போன செவ்வாய்க்கிழமை.

"பதினொரு வருஷமா வாரா வாரம் உங்க எழுத்தைப் படிக்கிறேன். அவங்க மேப்பை விரிச்ச உடனே எனக்குத் தெரியும்" என்றார்.

"அன்னைக்கே ஏன் இதைக் கொடுக்கலை?"

"கொடுத்திருந்தா பதில் சொல்லியிருப்பீங்க. நான் கேட்காம நீங்களா வருவீங்கன்னு நினைச்சேன். சாயங்காலத்துக்குள்ள வந்துடுவீங்கன்னு நினைச்சேன். அப்புறம் மறுநாள்னு நினைச்சேன்."

"நாம ரெண்டு பேரும் காத்துக்கிட்டு இருந்த ஆறு நாளும் அந்தப் பொண்ணு…"

அவர் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஆரம்பித்தார். திருகு நின்ற பிறகும் விரல் அதன் மேலேயே இருந்தது. பிறகு, "ரெண்டு வரியில எழுதிக் கொடுங்க" என்றார்.

புதன்கிழமை மதுரையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வரைபடத்தை மேசையில் விரித்து நாலு மூலையிலும் புத்தகங்களை வைத்தார். பிள்ளைகள் பூசின பச்சை வண்ணம் மடிப்புகளில் உதிர்ந்திருந்தது.

"தண்டவாளம் எத்தனை, சிக்னல் எங்கன்னு எதுக்கு இவ்வளவு விவரம்?"

"வரைஞ்ச பிள்ளையோட அப்பா பாயின்ட்ஸ்மேன். அவர் வேலை செய்யிற இடத்தை அவ ஒழுங்கா வரையணும்னு நினைச்சா."

"லாகூர்ல இருக்கிறவங்களுக்கு இது எதுக்கு?"

"அவங்க ஊரையும் வரைஞ்சு அனுப்புறதா இருந்தாங்க."

"அனுப்பினாங்களா?"

"இல்லை. அதுக்குள்ள சண்டை வந்துருச்சு."

பதினொரு கடிதங்களையும் கொண்டு போயிருந்தேன். ஒவ்வொன்றாகப் படித்தார். விரல் விறைக்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார் என்று எனக்குத் தோன்றிற்று. எல்லாவற்றையும் ஒரு கோப்புக்குள் வைத்துக் கட்டினார். திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்கவில்லை. எழுந்து போகும்போது, ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வது போலச் சொன்னார்: "உங்க பேர்ல போட்டிருந்தா இம்புட்டுத் தூரம் வந்திருக்காதும்மா. ஏதோ பள்ளிக்கூடத்து விளையாட்டுன்னு அன்னைக்கே மூடியிருப்போம்."

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆயிஷா சொன்னதை அந்த நிமிஷத்தில்தான் நான் புரிந்துகொண்டேன்.

எனக்கு எழுத்தில் ஒரு கண்டனம். பணிப் பதிவேட்டில் ஒரு வரி. அவ்வளவுதான். ஆயிஷா மேல் குற்றம் ஏதும் இல்லை என்று எழுதினார்கள். ஆனால் நிர்வாக நலன் கருதி அவளை ஒட்டன்சத்திரத்துக்கு மாற்றினார்கள். தப்புச் செய்தவள் அதே நாற்காலியில் இருக்க, செய்யாதவள் போக வேண்டும் என்பது என்ன நியாயம் என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். பெற்றோர் சிலர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள், தன்னால் ஆனது வேலையைக் காப்பாற்றியதுதான் என்றார்.

பொறுப்பை ஒப்படைக்க ஒருநாள் ஆயிஷா வந்தாள். பதிவேடுகளையும் பூகோளப் படங்களையும் எண்ணி என்னிடம் கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்கினாள். அறையில் நாங்கள் இருவர்தான்.

"ஆயிஷா, நான் சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றேன்.

"சொன்னீங்களே டீச்சர். சொல்லலைன்னு யாரும் சொல்லலை." அக்கா போய் டீச்சர் வந்துவிட்டது. கடைசிப் படத்தைச் சுருட்டி நாடாவைக் கட்டினாள். "எங்க அத்தா தினமும் கேட்டாரு. 'அந்தம்மா வந்து சொல்லுமா?' 'வருவாங்க அத்தா'ன்னு சொன்னேன். நாலாம் நாளு அவரு கேக்குறதை விட்டுட்டாரு."

நான் பேனாவை மூடினேன்.

"ஆயிரம் மைலுக்கு அப்பால இருக்குறவங்களுக்கு விடாம லெட்டர் எழுதுனீங்க. பேகம்பூருக்கு ஆறு நாளா உங்களால வர முடியல." சண்டை போடுகிற குரலில் இல்லை. கணக்கு டீச்சர் விடையைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "வாரேன்" என்று போய்விட்டாள்.

அதன் பிறகு அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. கோமதி அம்மா சில நாள் தன் டிபன் பெட்டியை என் பக்கம் நகர்த்திப் பார்த்தார். நான் கை நீட்டவில்லை. அவரும் விட்டுவிட்டார். சண்டை நின்று, ஒப்பந்தமாகி, தபாலும் திரும்ப ஓடத் தொடங்கியதாகக் கேள்விப்பட்டேன். சுரையாவுக்கு நான் எழுதவில்லை. அவரிடமிருந்தும் எதுவும் வரவில்லை. அங்கேயும் ஒரு மேசையில் என் கடிதங்களை விரித்து வைத்து யாராவது கேள்வி கேட்டிருக்கலாம். அங்கே அவர் பக்கத்து நாற்காலியில் யார் இருந்தார்களோ, அவர் எத்தனை நாளில் பேசினாரோ.

அறுபத்தேழில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஒட்டன்சத்திரம் போனேன். சந்தைக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. ஆயிஷா கதவைத் திறந்து, ஒரு கணம் நின்று, "வாங்க டீச்சர்" என்றாள். கல்யாணமாகியிருந்தது. கணவர் காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறவர், வெளியே போயிருந்தார். டீ போட்டுக் கொடுத்தாள். அத்தாவைப் பற்றிக் கேட்டேன். மண்டியை மகனிடம் விட்டுவிட்டார், வெளியே அதிகம் போவதில்லை என்றாள்.

ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "இங்க குடிமைப் பயிற்சி யாரு எடுக்குறா?" என்றேன்.

"நான்தான்."

"நீயா?"

"நான்தான் கேட்டு வாங்குனேன். இங்க பிள்ளைகளுக்குக் கேரளாவுக்கு எந்த லாரி எப்பப் போகும்னு கூடத் தெரியும், உலகத்தை நான் சொல்லித் தர வேண்டியதில்ல." டீத் தம்ளரைக் கீழே வைத்தாள். "நான் நாடு, உலகம்னெல்லாம் ஆரம்பிக்கிறதில்ல டீச்சர். வகுப்புல ஒரு மைக்கூடு உடைஞ்சா, பக்கத்துல இருக்கிற பிள்ளையை எழுப்பி நிறுத்தித் திட்டுவேன். உடைச்சவ எழுந்து, 'அவ இல்லைங்க, நானுங்க'ன்னு சொல்லணும். சொல்ற வரைக்கும் பாடம் நடத்த மாட்டேன். மொதல் தடவை ரெண்டு நாளாச்சு. இப்பல்லாம் உடனே எந்திரிச்சிடுறாளுக. ஒரு வருஷத்துக்கு எனக்கு அந்த ஒரு பாடம் போதும்."

என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. ஓர் ஆசிரியை இன்னோர் ஆசிரியையிடம் தன் முறையைச் சொல்வது போலத்தான் சொன்னாள். நல்ல முறை என்றேன். ஆமாம் என்றாள்.

பஸ் நிற்கிற இடம் வரை கூட வந்தாள். தக்காளிக் கூடைகளும் வெங்காய மூட்டைகளும் ஏற்றி முடிகிற வரை பஸ் நின்றது. அதுவரை அவளும் நின்றாள். வெயிலுக்குத் தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "சீக்கிரம் போயிரும், ரெண்டு இடத்துலதான் நிக்கும்" என்றாள். ஜன்னலோரம் எனக்கு இடம் கிடைத்ததா என்று எட்டிப் பார்த்தாள். வண்டி நகர்ந்ததும் கையை உயர்த்தினாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்கவில்லை என்பது ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பியிருக்கலாம். கண்டக்டர் விசில் கொடுத்தார், இரண்டு பேர் இறங்கினார்கள், நான் உட்கார்ந்தே இருந்தேன். திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் இருபது மைல்தான். அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.